நூற்றிலிருந்து பத்துக்கும் நான்குக்கும்: மதிப்பெண் மாற்றத்தின் கணக்கு

சதவீத மதிப்பெண்ணைத் தரப்புள்ளிச் சராசரியாக மாற்றும் வேலை இரண்டு படிகளில் நடக்கிறது. முதல் படியில் ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணும் ஒரு கிரேடாக மாறுகிறது; அந்தக் கிரேடுக்கு ஓர் எண் உண்டு. இரண்டாவது படியில் அந்த எண்களைப் பாடங்களின் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்கிறார்கள். ஒரு செமஸ்டருக்கு மட்டும் எடுத்தால் அது ஜிபிஏ. படிப்பு முழுவதற்கும் எடுத்தால் சிஜிபிஏ. இரண்டாவது படி பள்ளிக்கூடத்துப் பெருக்கலும் வகுத்தலும்தான், அதில் யாருக்கும் வழக்கு இல்லை. வழக்கெல்லாம் முதல் படியில் இருக்கிறது. எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்தக் கிரேடு என்பதை யார், எந்த ஊரில், எந்தப் பழக்கத்தை வைத்து முடிவு செய்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரே மதிப்பெண் பட்டியல் பல வேடம் போடுகிறது.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு, விருப்பத் தெரிவு அடிப்படையிலான கிரெடிட் முறைக்கு 2014இல் வழிகாட்டு நெறிகளைத் தந்தபோது பத்துப் புள்ளி அளவுகோலைப் பரிந்துரைத்தது. ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, தேர்ச்சி மட்டும் என்றால் 4, தோல்வி 0. எழுத்தும் எண்ணும் இப்படி ஒன்றாக வந்தன. ஆனால் தேர்ச்சிக்கு எவ்வளவு வேண்டும், எந்த மதிப்பெண்ணில் எந்தக் கிரேடு தொடங்கும் என்பவை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபட்டே இருக்கின்றன. நாடு முழுவதும் ஒரே அளவுகோல் என்று சொன்னாலும், கோலின் மீதுள்ள கோடுகளை அவரவரே வரைந்துகொண்டார்கள்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இரண்டு வகைக் கோடுகள் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு விதிமுறைகள் படிக்கட்டு முறையில் அமைந்தவை: 91 முதல் 100 வரை 10 புள்ளி, 81 முதல் 90 வரை 9, 71 முதல் 80 வரை 8, 61 முதல் 70 வரை 7, 50 முதல் 60 வரை 6. அதற்குக் கீழே மறுபடி எழுத வேண்டியதுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கலை அறிவியல் படிப்புகளில் அமைப்பு வேறு. அங்கே மதிப்பெண்ணைப் பத்தால் வகுத்ததே தரப்புள்ளி. 67 வாங்கினால் 6.7, 82 வாங்கினால் 8.2. எழுத்துக் கிரேடு தனியாகப் பட்டியலில் வரும், சராசரிக் கணக்குக்கு அது தேவையில்லை. முன்னது படிக்கட்டு என்றால் பின்னது சாய்தளம். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மாற்றுச் சூத்திரங்களின் குழப்பத்தில் பாதி தெளிந்துவிடும்.

எண்களை வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு செமஸ்டரில் ஆறு பாடங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கணிதம் 4 கிரெடிட், மதிப்பெண் 78. இயற்பியல் 3 கிரெடிட், 64. வேதியியல் 3 கிரெடிட், 71. ஆங்கிலம் 3 கிரெடிட், 83. கணினி நிரலாக்கம் 3 கிரெடிட், 92. ஆய்வகம் 2 கிரெடிட், 95. படிக்கட்டு முறையில் இவை வரிசையாக 8, 7, 8, 9, 10, 10 புள்ளிகள். கிரெடிட்டால் பெருக்கினால் 32, 21, 24, 27, 30, 20, கூட்டுத்தொகை 154. மொத்தக் கிரெடிட் 18. 154ஐ 18ஆல் வகுத்தால் 8.56 ஜிபிஏ.

அதே மாணவரின் ஆறு மதிப்பெண்களையும் வெறுமனே கூட்டி ஆறால் வகுத்தால் 80.5 சதவீதம். கிரெடிட் எடையோடு சதவீதச் சராசரி எடுத்தால் 79.56. கணிதத்துக்கு எடை அதிகம், அதில் மதிப்பெண் குறைவு. 95 வாங்கிய ஆய்வகத்துக்கோ எடை குறைவு. அதனால் எடையிட்ட சராசரி ஏறத்தாழ ஒரு மதிப்பெண் சரிகிறது. மாணவர்கள் வீட்டில் போடும் கணக்கும் பல்கலைக்கழகம் அனுப்பும் கணக்கும் ஒத்துப்போகாமல் இருப்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். அடுத்த காரணம், இடையிலேயே முழுமையாக்குவது. ஒவ்வொரு செமஸ்டர் ஜிபிஏவையும் இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கி, பிறகு அந்தச் சுருக்கிய எண்களுக்குச் சராசரி எடுத்தால் கடைசி இலக்கம் பிசகும். செமஸ்டர்களின் மொத்தக் கிரெடிட் சமமாக இல்லாதபோது எட்டு செமஸ்டர் ஜிபிஏக்களைக் கூட்டி எட்டால் வகுப்பது அதைவிடப் பெரிய பிசகு.

படிக்கட்டின் இயல்பைக் காட்ட மூன்று மாணவர்கள் போதும். எல்லாப் பாடங்களுக்கும் கிரெடிட் சமம் என்று கொள்வோம். முதல் மாணவர் மூன்று பாடங்களில் 90, 80, 70 வாங்குகிறார். புள்ளிகள் 9, 8, 7, சராசரி 8.0. இரண்டாமவர் 91, 81, 71. பாடத்துக்கு ஒரே ஒரு மதிப்பெண்தான் கூடுதல். ஆனால் மூன்றிலும் அடுத்த படிக்கு ஏறிவிட்டார். புள்ளிகள் 10, 9, 8, சராசரி 9.0. மூன்றாமவர் 100, 90, 80. அவருக்கும் 10, 9, 8, அவருக்கும் 9.0. சதவீதத்தில் இவர்கள் 80, 81, 90. சிஜிபிஏயில் 8, 9, 9. ஒரு மதிப்பெண் வித்தியாசம் முழுப் புள்ளியாக விரிந்தது, ஒன்பது மதிப்பெண் வித்தியாசம் ஒன்றுமில்லாமல் மறைந்தது. விடைத்தாள் திருத்தும் பேராசிரியர்கள் 80ஐ 81 ஆக்கச் சொல்லி வரும் வேண்டுகோள்களுக்குப் பழகியிருப்பது இதனால்தான்.

எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு இது அநியாயமாகப் படலாம். ஆனால் கிரேடு முறையைக் கொண்டுவந்தவர்களின் வாதத்துக்கும் எடை உண்டு. 80க்கும் 81க்கும் இடையே உண்மையான வித்தியாசம் எதுவும் இல்லை, ஒரே விடைத்தாளை இரண்டு பேர் திருத்தினால் அதைவிட அதிக வித்தியாசம் வரும் என்பது அந்த வாதம். அதற்கு நூறு ஆண்டுக்கு மேலான சான்று இருக்கிறது. அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் 1912இல் இரண்டு ஆங்கில விடைத்தாள்களின் படிகளை 142 ஆசிரியர்களிடம் திருத்தி வாங்கினார்கள். ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரை மதிப்பெண்கள் வந்தன. இன்னொரு தாளுக்கு 50 முதல் 97 வரை. ஆங்கிலம் என்பதால்தான் இப்படி, கணக்கில் நடக்காது என்று எதிர்ப்பு எழுந்ததும் அடுத்த ஆண்டு ஒரு வடிவியல் விடைத்தாளை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு 28இலிருந்து 95 வரை மதிப்பெண் விழுந்தது. படிமுறைகளுக்கும் சுத்தமான எழுத்துக்கும் மதிப்பெண் தருவதா என்பதில் ஆசிரியருக்கு ஆசிரியர் கொள்கை வேறு. நூறு பகுதியாகப் பிளந்த அளவுகோலின் துல்லியம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது என்ற எண்ணம் அமெரிக்கக் கல்வியுலகில் வேரூன்றியதில் இந்த ஆய்வுகளுக்குப் பங்கு உண்டு. படிக்கட்டு வந்ததும் எல்லைக்கோட்டுத் தகராறு ஒழிந்துவிடவில்லை. நூறு கோடுகளில் இருந்த தகராறு ஐந்தாறு கோடுகளுக்கு வந்து சேர்ந்தது.

எழுத்துக் கிரேடும் சின்ன எண்களும் அமெரிக்காவுக்கு அதற்கு முன்பே பழக்கம். யேல் கல்லூரித் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் 1785இல் 58 மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, லத்தீன் பெயர்கள் கொண்ட நான்கு வகுப்புகளாகப் பிரித்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: 20 பேர் முதல் தரம், 16 பேர் அதற்கடுத்த தரம், 12 பேர் மூன்றாம் தரம், 10 பேர் கடைத் தரம். அடுத்த நூற்றாண்டில் யேலிலேயே நான்குக்கு எத்தனை என்று சராசரி எழுதிவைக்கும் வழக்கம் வந்தது. 1897இல் மாசசூசெட்ஸின் மவுண்ட் ஹோலியோக் கல்லூரி எழுத்தையும் சதவீதத்தையும் ஒரே பட்டியலில் பிணைத்தது. 95 முதல் 100 வரை ஏ, 85 முதல் 94 வரை பி, 76 முதல் 84 வரை சி, சரியாக 75 என்றால் டி, அதற்குக் கீழே தோல்வி. 74 வாங்கியவர் தோற்றவர் என்பது சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த எவருக்கும் வியப்பூட்டும். 1857இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டது. அந்த மரபில் 60 வாங்கினால் ஃபர்ஸ்ட் கிளாஸ், 75 என்றால் டிஸ்டிங்ஷன். ஒரு நாட்டில் தோல்விக்கு அருகில் இருக்கும் எண் இன்னொரு நாட்டில் தங்கப் பதக்கத்துக்கு அருகில் இருக்கிறது.

வெளிநாட்டு மாற்றத்தின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளைக்கிறது. அதற்குப் போகும் முன், உள்நாட்டிலேயே நடக்கும் தலைகீழ் மாற்றத்தைப் பார்த்துவிட வேண்டும்: சிஜிபிஏயிலிருந்து சதவீதத்துக்கு. வேலைக்கான அறிவிக்கையில் குறைந்தது 60 சதவீதம் என்று இருக்கும். மதிப்பெண் பட்டியலில் சதவீதமே இருக்காது. மேலே சொன்ன மூன்று மாணவர்களின் கணக்கை வைத்துப் பார்த்தால், 9.0 என்ற சிஜிபிஏக்குப் பின்னால் இருப்பது 81ஆ 90ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. படிக்கட்டில் ஏறும்போது தொலைந்த தகவல் இறங்கும்போது திரும்பக் கிடைப்பதில்லை. ஆகவே சிஜிபிஏயைச் சதவீதமாக்கும் எந்தச் சூத்திரமும் ஓர் ஊகம்தான். அதிகாரபூர்வமான ஊகம் என்பதால் அது செல்லுபடியாகிறது.

ஊகங்கள் பலவிதம். அண்ணா பல்கலைக்கழகப் பட்டதாரிகளிடையே புழங்குவது சிஜிபிஏயைப் பத்தால் பெருக்குவது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2010இல் தந்த இணைப் பட்டியலில் 6.25க்கு 55 சதவீதம், 6.75க்கு 60, 7.25க்கு 65, 7.75க்கு 70, 8.25க்கு 75, அதாவது சிஜிபிஏயில் 0.75ஐக் கழித்துப் பத்தால் பெருக்க வேண்டும். ஹைதராபாத் ஜவாஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 0.5ஐக் கழித்துப் பத்தால் பெருக்குவார்கள். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பத்தாம் வகுப்புக்குத் தொடர் மதிப்பீட்டு முறையோடு 2009-10இல் கிரேடு கொண்டுவந்தபோது 9.5ஆல் பெருக்கச் சொன்னது.

இவற்றில் எது சரி என்று கேட்பதைவிட, ஒவ்வொன்றும் படியின் எந்த இடத்தில் கால் வைக்கிறது என்று பார்ப்பது தெளிவு தரும். 81 முதல் 90 வரையுள்ள படியின் புள்ளி 9. பத்தால் பெருக்கினால் 90, படியின் உச்சி விளிம்பு. 0.5 கழிக்கும் முறையில் 85, ஏறக்குறைய நடு. 0.75 கழிக்கும் முறையில் 82.5, அடி விளிம்புக்குச் சற்று மேலே. பத்தால் பெருக்கும் முறை மாணவருக்கு எப்போதும் அதிகபட்ச வாய்ப்பைத் தருகிறது, 0.75 கழிப்பது கஞ்சத்தனமான மதிப்பீடு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சாய்தள முறையில் மட்டும் பத்தால் பெருக்குவது ஊகமே அல்ல, வகுத்ததைத் திரும்பப் பெருக்குவதுதான். பத்தால் பெருக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இவ்வளவு இயல்பாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மத்திய வாரியத்தின் 9.5 தனியாகப் பார்க்கத் தக்கது. முந்தைய ஆண்டுகளில் 91 முதல் 100 வரை எடுத்தவர்களின் சராசரி 95ஐ ஒட்டி இருந்தது, அதைப் பத்தால் வகுத்தால் 9.5 என்பது அப்போது சொல்லப்பட்ட விளக்கம். அந்த வாரியத்தின் படிக்கட்டில் 9 புள்ளிக்கு 81 முதல் 90, நடுப்புள்ளி 85.5. ஒன்பதை 9.5ஆல் பெருக்கினாலும் 85.5. எட்டுக்கு 76 வருகிறது, நடுப்புள்ளி 75.5. ஏழுக்கு 66.5, நடு 65.5. ஐந்துக்கு 47.5, நடு 45.5. மேல் படிகளில் நன்றாகப் பொருந்துகிறது. கீழே போகப் போகக் கொஞ்சம் தாராளம் காட்டுகிறது. ஆனால் பத்துக்குப் பத்து வாங்கியவருக்கு 95தான். எல்லாப் பாடத்திலும் நூறு வாங்கியிருந்தாலும் 95ஐத் தாண்ட முடியாது. 2018இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மீண்டும் எல்லாருக்கும் கட்டாயமாகி மதிப்பெண் திரும்பியதும் இந்தப் பெருக்கலுக்கு வேலை போனது. பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் தேவைப்படுகிறது.

சூத்திரத்தின் தேர்வு ஒருவரின் வாசலைத் திறக்கவோ மூடவோ செய்யும். 6.4 சிஜிபிஏ உள்ள ஒரு பொறியியல் பட்டதாரியை எடுத்துக்கொள்ளலாம். பத்தால் பெருக்கினால் 64. 60 கேட்கும் இடத்தில் தகுதி உண்டு. 0.5 கழித்தால் 59, தகுதி இல்லை. 0.75 கழித்தால் 56.5, பேச்சுக்கே இடமில்லை. அவருடைய உண்மையான மதிப்பெண் என்னவாக இருக்கும்? எல்லாப் பாடத்திலும் 6 அல்லது 7 புள்ளிகளே வாங்கியிருந்தால், 40 சதவீதக் கிரெடிட்டுகளில் 7, மீதியில் 6 இருந்திருக்க வேண்டும். 2017 விதிமுறைகளின் படிகளை வைத்துப் பார்த்தால் அவருடைய சராசரி குறைந்தது 54.4, அதிகபட்சம் 64. பத்தால் பெருக்கியபோது கிடைத்த 64, எல்லாப் பாடத்திலும் படியின் உச்சியில் நின்றவருக்கு மட்டுமே பொருந்தும் எண். பட்டம் தந்த பல்கலைக்கழகத்தின் சூத்திரத்தையே பின்பற்ற வேண்டும், அதற்கான சான்றை இணைக்க வேண்டும் என்று அறிவிக்கைகள் வழக்கமாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். விண்ணப்பத்தில் தாமாகவே ஒரு சூத்திரத்தைத் தேர்ந்தெடுத்து எண்ணைப் போடுகிறவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்குவார்கள். சான்றை வழங்குவது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம்.

இனி அமெரிக்காவின் நான்கு புள்ளி. பரவலாக உள்ள வடிவத்தில் ஏ 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7, சி பிளஸ் 2.3, சி 2.0, சி மைனஸ் 1.7, டி 1.0, எஃப் 0. சதவீத எல்லைகள் பொதுவாக 93க்கு மேல் ஏ, 90 முதல் ஏ மைனஸ், 87 முதல் பி பிளஸ், 83 முதல் பி, 80 முதல் பி மைனஸ், எழுபதுகளில் சி வகைகள், அறுபதுகளில் டி. இதற்கும் விலக்குகள் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏ பிளஸ் 4.3 வரை போகும். எம்ஐடியில் அளவுகோலே ஐந்துக்கு.

முதலில் சொன்ன ஆறு பாட மதிப்பெண் பட்டியலை இந்த எல்லைகளில் அப்படியே போட்டால் 78 சி பிளஸ், 64 டி, 71 சி மைனஸ், 83 பி, 92 ஏ மைனஸ், 95 ஏ. கிரெடிட் எடையோடு சராசரி 2.52. மேற்படிப்புக்கு 3.0 கேட்கும் பல்கலைக்கழகங்கள் இந்த எண்ணைப் பார்த்தால் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடும். மாணவர்கள் இணையத்தில் தேடி எடுக்கும் குறுக்கு வழிகள் வேறு எண்களைத் தருகின்றன. எடையிட்ட சதவீதத்தை 25ஆல் வகுத்தால் 3.18. இருபதால் வகுத்து ஒன்றைக் கழித்தால் 2.98. பத்துக்கான 8.56ஐ 0.4ஆல் பெருக்கினால் 3.42. மூன்றுமே கணிதப்படி பிழையற்றவை. மூன்றுமே நூறும் நான்கும் ஒரே நேர்கோட்டின் இரண்டு பெயர்கள் என்று எண்ணுகின்றன. இந்தியத் தேர்வறையில் 90 எவ்வளவு அரிது, அமெரிக்க வகுப்பறையில் அது எவ்வளவு சாதாரணம் என்பதை மூன்றுமே கணக்கில் எடுப்பதில்லை.

அதைக் கணக்கில் எடுக்கவே வெளிநாட்டுச் சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. வேர்ல்டு எஜுகேஷன் சர்வீசஸ் போன்றவை ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியே எடுத்து, அந்த நாட்டின் மரபுப்படி அது எந்த அமெரிக்கக் கிரேடுக்கு நிகர் என்று தீர்மானிக்கும். இந்திய மதிப்பெண்களுக்கு 60க்கு மேல் ஏ என்று கொள்வது இத்துறையில் வழக்கமாக உள்ள அணுகுமுறை; ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கியவர் அங்கே முன்வரிசை மாணவர் என்பது அதன் நியாயம். அந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் நம் ஆறு பாடங்களும் 60க்கு மேல், எல்லாம் ஏ, சராசரி 4.0. ஒரே மதிப்பெண் பட்டியல் 2.52இலிருந்து 4.0 வரை நீள்கிறது. இதில் 2.52 கண்மூடித்தனமானது, ஒரு நாட்டின் எல்லைகளை இன்னொரு நாட்டின் மதிப்பெண் மீது கவிழ்ப்பது. 4.0 பக்கமும் குறை இருக்கிறது: 64க்கும் 95க்கும் வித்தியாசமே இல்லாமல் போகிறது. தாராளமாக மதிப்பெண் அள்ளித் தரும் கல்லூரிகள் பெருகிய பிறகு 60 என்ற பழைய கோட்டின் பொருளும் மாறிவிட்டது.

நான்கு புள்ளி என்றாலே அமெரிக்க எல்லைகள் என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இலங்கை நல்ல சாட்சி. அங்குள்ள பல்கலைக்கழகங்களும் நான்குக்கே கணக்கிடுகின்றன. ஆனால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பல பீடங்களில் 70 மதிப்பெண் எடுத்தாலே ஏ, அதாவது 4.0, 65க்கு 3.7; 60க்கு 3.3, 55க்கு 3.0, 40க்கு 2.0. முதல் வகுப்புக்கு 3.70 தேவை. பிரிட்டனில் 70க்கு மேல் முதல் வகுப்பு என்ற பழைய கோடு இந்தப் பட்டியலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. நம் மாணவரை இதில் வைத்தால் இயற்பியலில் மட்டும் 3.3, மற்றவற்றில் 4.0, சராசரி 3.88. அமெரிக்காவில் டி வாங்கும் அதே 64க்குக் கொழும்பில் பி பிளஸ்.

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்குத் திசையே மாறும். அங்கே 1 மிகச் சிறந்தது, 4 தேர்ச்சியின் விளிம்பு, 5 தோல்வி. வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்ற அங்கே பரவலாகப் பயன்படுவது திருத்திய பவேரியச் சூத்திரம். வாங்கக்கூடிய அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து வாங்கிய மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும். அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்குத் தேவையான குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியால் வகுக்க வேண்டும். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். அதிகபட்சம் 100, தேர்ச்சி 50, வாங்கியது 80 என்றால் 20ஐ 50ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்று கூட்ட 2.2. தேர்ச்சி மதிப்பெண் 40 உள்ள கல்லூரியில் அதே 80க்கு 2.0. பாஸ் மார்க் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்ல கிரேடு கிடைக்கும். கடுமையான கல்லூரியில் படித்தவருக்கு இதில் மனக்குறை வருவது இயல்பு.

இந்தச் சூத்திரத்தில் விண்ணப்பதாரர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பத்துப் புள்ளி அளவில் தேர்ச்சியின் குறைந்தபட்சம் எது? 2017 விதிமுறைகளில் 50 முதல் 60 வரை 6 புள்ளி என்பதால், தேர்ச்சி பெற்றவரின் மிகக் குறைந்த தரப்புள்ளி 6. பலர் 50 சதவீதம்தானே என்று 5ஐப் போட்டுவிடுகிறார்கள். 8.56க்கு 6ஐ வைத்தால் 2.08, 5ஐ வைத்தால் 1.86. சதவீதத்திலேயே கணக்கிட்டால், 79.56க்கு 2.23. சேர்க்கைக்கு 2.0க்குள் என்று கோடு போட்டிருக்கும் துறையில் இந்தத் தசமங்களே முடிவைத் தீர்மானிக்கும். பல்கலைக்கழகம் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் தர அட்டவணைதான் இங்கே ஆதாரம்; எந்த எண்ணைத் தேர்ச்சி எல்லையாகக் கொள்வது என்பதை மாணவரின் விருப்பத்துக்கு விடுவதில்லை.

சூத்திரங்களை விட்டுவிட்டு, வகுப்பில் ஒருவர் எங்கே நின்றார் என்பதை மட்டும் கடத்தும் வழியும் முயன்று பார்க்கப்பட்டது. ஐரோப்பியக் கிரெடிட் மாற்ற முறையில், தேர்ச்சி பெற்றவர்களில் மேல் 10 சதவீதத்தினருக்கு ஏ, அடுத்த 25க்கு பி, அடுத்த 30க்கு சி, அடுத்த 25க்கு டி, கடைசிப் 10க்கு ஈ என்று ஒரு காலத்தில் வகுத்தார்கள். கருத்தளவில் இதைவிட நேர்மையான மாற்றம் இல்லை. 60 ஆனாலும் 90 ஆனாலும் எத்தனை பேருக்குப் பின்னால், எத்தனை பேருக்கு முன்னால் என்பதுதானே கேள்வி. நடைமுறையில் நாடுகள் இதைச் சீராகப் பின்பற்றவில்லை. 2009இல் இந்த ஐந்து எழுத்துகளைக் கைவிட்டு, ஒவ்வொரு நிறுவனமும் தன் கிரேடுகள் எந்த விகிதத்தில் வழங்கப்படுகின்றன என்ற அட்டவணையை வெளியிட்டால் போதும் என்று மாற்றினார்கள். எண்ணை மாற்றித் தராமல், எண்ணைப் படிப்பதற்கான விவரத்தைத் தருவது என்ற இந்த ஏற்பாடு மற்ற எல்லாச் சூத்திரங்களையும்விட மேலானது. இந்தியாவில் இது பரவியிருந்தால் 0.5ஆ 0.75ஆ என்ற வாதத்துக்கே இடம் இருந்திருக்காது.

ஒப்பீட்டு முறையில் கிரேடு தரும் இடங்களில் சதவீத மாற்றம் இன்னும் ஒரு படி பொருளற்றதாகிறது. சென்னை ஐஐடியில் எஸ் 10, ஏ 9, பி 8, சி 7, டி 6, ஈ 4, யு 0. ஏழு எழுத்துகளின் எல்லைகளும் ஒவ்வொரு பாடத்திலும் வகுப்பின் மதிப்பெண் பரவலைப் பார்த்த பிறகே போடப்படுகின்றன. வினாத்தாள் கடினமாக அமைந்த பாடத்தில் 68க்கு எஸ் கிடைக்கலாம், எளிதான பாடத்தில் 85க்கு பி வரலாம். அங்கே 9.0 சிஜிபிஏ உள்ளவரின் சதவீதம் 90 என்று சொல்வது அவருடைய எந்த விடைத்தாளிலும் இல்லாத ஒன்றைச் சொல்வது. டியிலிருந்து ஈக்கு இறங்கும்போது ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி குறைவதையும் கவனிக்க வேண்டும். படிகள் சம உயரத்தில் இல்லாத அளவுகோலை ஒரே பெருக்கலால் நேராக்க முடியாது.

விண்ணப்பம் நிரப்புவோரின் பக்கம் சில நடைமுறைகள் நிலைபெற்றுவிட்டன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஜிபிஏயை மாற்ற வேண்டாம், மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே, எத்தனைக்கு என்ற அளவோடு எழுதுங்கள் என்று கேட்கின்றன, 8.56ஐப் பத்துக்கு என்று குறித்துவிட்டால் வேலை முடிந்தது, மாற்றும் பொறுப்பு அவர்களுடையது. மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை கேட்கும் இடங்களில் பாடவாரியான மதிப்பீடு, ஆவணத்துக்கு மட்டுமான மதிப்பீடு என்று இரண்டு வகை இருக்கும். ஜிபிஏ முதல் வகையில்தான் கிடைக்கும். முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டியிருப்பதால், கடைசித் தேதிக்கு மாதக்கணக்கில் முன்பே தொடங்குவது வழக்கம்.

அரியர் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு உண்டு. இந்தியக் கணக்கில் பொதுவாக, தோற்ற பாடத்தைப் பின்னர் எழுதித் தேறினால் தேறிய கிரேடு மட்டுமே சிஜிபிஏயில் சேரும். பழைய தோல்வி, செமஸ்டர் வாரியான பட்டியலில் தெரியுமே தவிரச் சராசரியை இழுக்காது. அமெரிக்க நிறுவனங்களில் சில, தோல்வியையும் சுழியமாகக் கணக்கில் சேர்த்துச் சராசரி போடுகின்றன. சில கடைசி முயற்சியை மட்டும் எடுக்கின்றன. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் முதல் முறை தோற்று, பிறகு 8 புள்ளியோடு தேறியவருக்கு இந்திய முறையில் அந்தப் பாடம் 24 புள்ளி, 3 கிரெடிட். இரண்டு முயற்சிகளையும் சேர்க்கும் முறையில் அதே 24 புள்ளி, 6 கிரெடிட்டின் மேல் பரவும். அரியர் இல்லாத பட்டியலை மட்டும் அனுப்பினால் இது தெரியாது என்று நம்பிக் கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டை மட்டும் அனுப்புகிறவர்கள் உண்டு. மதிப்பீட்டாளர்கள் செமஸ்டர் பட்டியல்களைத் தனியே கேட்டு வாங்கிவிடுவார்கள்.